பலகையில் 1516, சுவரில் எத்தனை? பரங்கிமலை முதல் சாந்தோம் வரை நான்கு கோயில்கள்

சென்னையின் தென்புறத்துப் பழைய கிறிஸ்தவக் கோயில்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கையில் ஆண்டுகளின் பட்டியல் ஒன்று தயாராக இருக்கும். லஸ் 1516, பரங்கிமலை 1523, சாந்தோம் 1523, சின்னமலை 1551. பட்டியலில் பெரிய தப்பொன்றும் இல்லை. அதை நம்பி உள்ளே போய், டைல்ஸ் தரையையும் பளபள பெயிண்டையும் பார்த்து, 'இதுக்கா ஐந்நூறு வருஷம்?' என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் ஏராளம். ஓர் இடத்தில் முதல் கோயில் எழுந்த ஆண்டு வேறு. இன்றைக்கு நாம் சாய்ந்து நிற்கிற சுவரின் வயது வேறு. இந்த நான்கிலும் அந்த இடைவெளி ஒவ்வொரு விதமாக இருக்கிறது. கட்டடத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்காக, அந்த இடைவெளியை அளவுகோலாக வைத்தே இங்கே மதிப்பெண் போட்டிருக்கிறோம். பக்திக்கு மதிப்பெண் போடுகிற வேலை நமக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இவற்றை 'மெட்ராஸின் புறநகர்க் கோயில்கள்' என்று சொல்வது பழக்கத்தால் வந்த பேச்சு. கோட்டைக்கு அடித்தளம் விழுந்தது 1639க்குப் பிறகு. அதற்கு முன்பே சாந்தோம் ஒரு போர்த்துகீசிய ஊர். 1606லேயே அதற்குத் தனி மறைமாவட்டம் வந்துவிட்டது. ஆங்கிலேயர் கைக்கு அந்த ஊர் போனது 1749ல்தான். பரங்கிமலை என்கிற பெயரிலேயே பரங்கியர் உட்கார்ந்திருக்கிறார்கள். வயதுக் கணக்கில் பார்த்தால் இந்தப் பக்கத்துக்குத்தான் கோட்டைப் பக்கம் புறநகர்.

முதலில் பரங்கிமலை. மெட்ரோவின் பச்சைத் தடத்தில் கடைசி நிலையம். தாம்பரம் போகிற மின்சார ரயிலும் நிற்கும். மலை உச்சி ஏறக்குறைய 300 அடி. மேலே போக வண்டிப்பாதை உண்டு, ஆனால் முதல் தடவை போகிறவர் படியில் ஏறுவதே நல்லது. வெயில் ஏறிவிட்டால் கல் கொதிக்கும், நிழலும் குறைவு. ஆகவே ஏழு மணிக்கு முன்னால். அடிவாரத்தில் சிலுவை வைத்த வளைவு வாசல். அங்கே 1547 என்ற ஆண்டைக் காணலாம். வளைவு கட்டிய வருஷம் அது என்று நினைத்துவிட வேண்டாம். மலைமேல் கல் சிலுவை கிடைத்த வருஷம் அது. வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறது ஆண்டுக் குழப்பம்.

படிகள் நூற்றுமுப்பதுக்கு மேல். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். இந்தப் படிகளைக் கட்டித் தந்தவர் போர்த்துகீசியரும் அல்ல, ஆங்கிலேயரும் அல்ல. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வணிகர். மலைக்கு வருகிறவர்கள் அடையாற்றைக் கடக்கச் சிரமப்படுகிறார்களே என்று சைதாப்பேட்டையில் 1726ல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. இன்று அந்த இடத்தில் மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. கட்டியதோடு விடாமல் பராமரிப்புக்கென்று தனியாகப் பணமும் எழுதிவைத்தார். கட்டடக் கலையில் இதற்குத் தனி மதிப்பெண் உண்டென்றால் உஸ்கானுக்குப் பத்துக்குப் பத்து. கட்டுவதற்கு நன்கொடை தருகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு; பத்து வருஷம் கழித்து வெள்ளையடிக்கக் காசு வைத்துவிட்டுப் போகிறவர்கள் அன்றும் அபூர்வம், இன்றும் அபூர்வம்.

மேலே உள்ள கோயில் சின்னது. பெரிதாக எதிர்பார்த்து வருகிறவர் ஒரே நிமிஷத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு மீனம்பாக்கம் ஓடுபாதையை வேடிக்கை பார்க்கப் போய்விடுவார். அப்படிப் போனால் மலை ஏறியது வீண். பார்க்க வேண்டியது பீடத்தில் பதித்திருக்கும் கற்பலகையை. 1547ல் அடித்தளம் தோண்டும்போது கிடைத்தது. 1558 டிசம்பர் 18ஆம் தேதி பூசை நடக்கும்போது அதில் இரத்தம் கசிந்ததாகவும், 1704 வரை அவ்வப்போது அப்படி நடந்ததாகவும் கோயில் மரபு சொல்லும். 'இரத்தம் கசிந்த சிலுவை' என்ற பெயர் அதனால் வந்தது.

கட்டடம் படிக்கிறவருக்கு அந்தக் கல்லில் வேறு விஷயங்கள் இருக்கின்றன. சிலுவையின் கைகள் ஒவ்வொன்றும் நுனியில் மொட்டு விட்டு முடிகின்றன. அடியில் படிவைத்த பீடம். பீடத்திலிருந்து இரு பக்கமும் இதழ் விரிகிறது. உச்சியில் தலைகீழாக இறங்குகிற புறா. இதையெல்லாம் சுற்றி ஒரு வளைவு. அந்த வளைவு இரு பக்கத் தூண்களின் மேல் உள்ள மகரங்களின் வாயிலிருந்து கிளம்புகிறது. நம் ஊர்க் கோயில் வாசலில் பார்க்கிற அதே மகர தோரணம்! வளைவின் ஓரமாக ஓடுகிற எழுத்து தமிழும் இல்லை, லத்தீனும் இல்லை, பாரசீகத்தின் பகலவி. அறிஞர்கள் படித்ததில் பரவலாக ஏற்கப்பட்ட ஒரு வாசிப்பின்படி அது ஒரு விண்ணப்பம்: 'ஆண்டவராகிய கிறிஸ்துவே, இதைச் செதுக்கிய அஃப்ராஸ் மீது இரக்கமாயிரும்' என்ற பொருளில். இயேசுவின் சீடரான தோமையாரே தம் கையால் செதுக்கியது என்பது மரபு. எழுத்தமைதி சொல்வது அதற்குப் பல நூற்றாண்டு பிந்திய காலத்தை. கோட்டயம் வலியபள்ளி, கடமற்றம் போன்ற கேரளக் கோயில்களிலும் இதே எழுத்தோடு இதே வகைச் சிலுவைக் கற்கள் இருக்கின்றன. அங்கே பார்த்துவிட்டு இங்கே வருகிறவருக்கு, வாஸ்கோட காமா வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரையில் பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். இந்தப் பயணத்திலேயே உறுதியாக மிகப் பழைய பொருள் இதுதான். ஆனால் இது கட்டடம் இல்லை, ஒரு கல். இந்தக் கல்லுக்கே பத்துக்கு ஒன்பது. சுற்றியுள்ள கோயிலுக்கு ஏழு.

இறங்குவதற்கு முன் இன்னொரு விஷயம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் இந்த மலையடியிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார். பிற்காலத்தில் எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்ட மாபெரும் அளவைக்குத் தொடக்கம் அது. கோயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தெற்கே பார்த்து நின்றால் அந்தக் கோடு எப்படிப் போயிருக்கும் என்று மனதில் இழுத்துப் பார்க்கத் தோன்றும்.

பரங்கிமலையிலிருந்து ஆலந்தூர் போய் நீலத் தடத்துக்கு மாறினால் கிண்டியை அடுத்து சின்னமலை. கோயில் நிலையத்துக்குப் பக்கம்தான். இங்கே மூன்று காலங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன: தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் பாறைக் குகை, 1551ல் போர்த்துகீசியர் அதையொட்டிக் கட்டிய சிறிய கோயில், 1971ல் எழுந்த பெரிய வட்டக் கோயில்.

வட்டக் கோயிலைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அது எதற்காக வட்டம் என்று தெரிந்தால் பாதிச் சுளிப்பு போய்விடும். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல் முடிந்தது. அதுவரை மக்களுக்கு முதுகு காட்டிப் பூசை வைத்த குருவானவர் அதன் பிறகு மக்களைப் பார்த்து நின்றார். லத்தீன் போய்த் தமிழ் வந்தது. நீண்ட கூடத்தின் கடைசியில் எட்டாத தூரத்தில் பீடம் என்பது போய், பீடத்தைச் சுற்றி மக்கள் என்ற எண்ணம் வந்தது. உலகம் முழுக்க அந்தப் பத்தாண்டில் எழுந்த வட்டக் கோயில்களின் காரணம் இதுதான். சின்னமலையும் அந்த வரிசை. வட்டச் சுவரில் ஒரு சங்கடம் உண்டு: வளைந்த சுவர் ஒலியைக் குவித்துத் திருப்பி அனுப்பும். இப்படிப்பட்ட எந்தக் கூடத்திலும் ஓரிடத்தில் பிரசங்கம் இரட்டையாகக் கேட்கும், நாலு வரிசை தள்ளி மங்கலாகக் கேட்கும். ஒலிபெருக்கியைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். சின்னப் பெட்டிகளை நிறைய வைத்து, ஒலியைக் குறைத்து வைப்பதே வழி.

பிரச்சினை வட்டம் அல்ல, அளவு. பெரியது பக்கத்தில் வந்து நின்றதும் 1551ன் சிறு கோயில் பின்கட்டு மாதிரி ஆகிவிட்டது. பலர் பெரிய கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். குகைக்கு இறங்கும் வழி குறுகல். முழங்கால் வலி உள்ளவர்களும் கனமான உடம்புக்காரர்களும் யோசித்து இறங்கவும். பாறையில் உள்ள திறப்பின் வழியாகத் தோமையார் தப்பிப் போனதாகச் சொல்வார்கள்; அங்கே கைத்தடம் என்று ஒரு பதிவையும் காட்டுவார்கள். கட்டடம் என்று பார்த்தால் பத்துக்கு ஐந்து. குகையோடு சேர்த்தால் ஆறு.

லஸ்ஸுக்குப் போகும் முன் சுவரைப் படிக்கச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கே போய்த்தான் அது பயன்படும்.

முதலில் ஜன்னல் ஓரத்தைப் பாருங்கள். சுவரின் கனம் அங்கே ஒளிய முடியாது. இன்றைய செங்கல் சுவர் ஒன்பது அங்குலம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கோயில் சுவர் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. கோட்டைக்குள் இருக்கும் 1680ஆம் ஆண்டுப் புனித மரியாள் ஆலயம் ஓர் உச்ச அளவு: சுவர் நான்கு அடி, மேலே வளைவுக் கூரை இரண்டு அடி, குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கூரைக்கு மரமே சேர்க்காமல் கட்டியது. ஒன்பது அங்குலச் சுவரில் வளைந்த ஜன்னல் வைத்து, மேலே பழைய ஆண்டை எழுதியிருந்தால் அது பிற்காலச் சேர்க்கை.

அடுத்து தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை. பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணில் உள்ள ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் செங்கல்லில் ஏறும். கடலோரம் என்பதால் கூடவே உப்பும் ஏறும். இதைத்தான் ஓதம் என்கிறோம். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஈரம் அதன் வழியாக வெளியேறும், உப்பு பூச்சின் மேல் பூக்கும், சில வருஷத்தில் பூச்சு உதிரும், மறுபடி பூசுவார்கள். செங்கல் பத்திரமாக இருக்கும். உதிர்வதற்கென்றே உள்ள பூச்சு அது. இதைப் புரிந்துகொள்ளாமல், 'அடிக்கடி உதிருதே' என்று சிமெண்ட் பூசினால்தான் கதை மாறுகிறது. ஈரத்துக்கு வழி அடைபட்டதும் அது இன்னும் மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற கோட்டுக்கு மேலே வெடிக்கும். உப்பு சிமெண்ட்டுக்குப் பின்னால் செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, செங்கல்லை மாவாக்கும். வெளியே பார்த்தால் பூச்சு கெட்டியாக நிற்கும். விரல் மடக்கித் தட்டினால் காலிப் பானை மாதிரி ஒலிக்கும். ஒருநாள் பலகை பலகையாகப் பெயர்ந்து விழும்போது பின்னால் செங்கல் இருக்காது, செம்மண்தான் இருக்கும்.

சுவரின் அடிப்பாகத்துக்கு கிரானைட் ஒட்டுவதும் இதே தப்புதான், செலவு மட்டும் அதிகம். ஆயில் பெயிண்ட் அடிப்பதும் அப்படியே. முதல் மழைக்காலத்தில் அது கொப்புளம் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இவற்றிலெல்லாம் கெட்டிக்காரத் தப்பு தரையில் போடுகிற விட்ரிஃபைட் டைல்ஸ். ஆளுக்கு ஒரு டைல்ஸ் பெட்டி நன்கொடை என்று திருவிழாவுக்குள் வேலை முடிந்துவிடும். கூடம் முழுக்கத் தரை வழியாக வெளியேறிக்கொண்டிருந்த ஈரத்துக்கு இனி சுவரைத் தவிர வேறு வழி இல்லை. தரை போட்டு இரண்டு வருஷத்தில் சுவர் பொருமினால் பெயிண்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

சரியான பழுதுபார்ப்பு எப்படி இருக்கும்? பொருமிய பூச்சை, ஈரக்கோட்டுக்கு மேலே ஓர் அடி வரை, செங்கல் தெரியக் கொத்தி எடுக்க வேண்டும். இணைப்புகளை இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, சுவரைத் தண்ணீர் குடிக்க விட வேண்டும். சுண்ணாம்பு நன்றாக நீற்றியதாக இருக்க வேண்டும். நீரில் மூழ்கவிட்டுக் குறைந்தது இரண்டு மூன்று வாரம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு ஆற்று மணல். ஓதம் கடுமையான இடத்தில் மணலில் ஒரு பங்கைக் குறைத்து சுர்க்கி, அதாவது செங்கல் தூள். கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீரை விட்டு அரைப்பது நம்மூர்க் கொத்தனார்களின் பழைய வழக்கம். ஒரு பூச்சு பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. முதல் பூச்சு இறுகின பிறகே அடுத்தது. வாரம் பத்து நாளைக்கு ஈரச்சாக்கு தொங்கவிட்டு நேர் வெயில் படாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று ஒரு தோராயக் கணக்கு. அவசரப்பட்டுக் காயவிட்டால் கையால் தேய்த்தாலே பொடியாகும். நீற்றியது போதாவிட்டால் உள்ளே தங்கிய கட்டிகள் சில வாரம் கழித்து ஊறி வெடித்து, சுவரில் சுண்டைக்காய் அளவு குழிகள் விழும். சுண்ணாம்பு அதிகமானால் மெல்லிய விரிசல் வலைபோல் படரும். கடல் மணல் கலந்தால் பூசிய மறுமாதமே வெள்ளைப் பூ. 'சீக்கிரம் இறுகட்டும்' என்று ஒரு சட்டி சிமெண்ட் கலப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய நாசம், இரண்டின் நல்ல குணமும் போய்விடும்.

இதற்கெல்லாம் மேலே போவது மெட்ராஸ் சுண்ணம். கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் மாதிரி அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்த்து, கடைசிப் பூச்சாகப் பூசி, பளிங்குக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. பல நாள் வரை சுவர் வியர்க்கும். துணியால் ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர் எழும்பூரில் 1821ல் திறந்த புனித அந்திரேயா ஆலயத்துக்கு ஒருமுறை போய்வரலாம். அங்குள்ள தூண்கள் பளிங்கு என்று நினைத்துத் தொடுவீர்கள்.

இப்போது லஸ். பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். பிரகாச மாதா ஆலயம் என்பது பெயர். ஊரார் வாயில் காட்டுக் கோயில். கடலில் வழி தவறிய போர்த்துகீசியர்களைக் கரையில் தெரிந்த ஓர் ஒளி வழிநடத்தியது, அந்த ஒளி வந்த காட்டில் எழுப்பினார்கள் என்பது கதை. போர்த்துகீசிய மொழியில் 'லஸ்' என்றால் ஒளி. ஒளிக்கு வைத்த பெயர் இன்று சிக்னலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் பெயராகிவிட்டது. பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டியது. கல்வெட்டு 1516 என்கிறது. வரலாற்றாய்வாளர்களில் ஒரு சாரார் அதை ஏற்பதில்லை. கட்டடம் அதே நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ அதற்குப் பிறகோ எழுந்திருக்க வேண்டும் என்பார்கள். முப்பது ஐம்பது வருஷத் தகராறு அது, இருக்கட்டும். நகரில் நிற்கிற கிறிஸ்தவக் கோயில் கட்டடங்களில் மிகப் பழையது என்று இதைச் சொல்வதில் பெரிய சண்டை இல்லை. கோல்கொண்டா, ஹைதர் அலி படைகள் வந்துபோன காலங்களில் அடிபட்டு மீண்டதும் இதன் சரித்திரம்.

இந்த நான்கில் கட்டடமாக நம்மைக் கட்டிப்போடுவது இதுதான். கூட்டமில்லாத வாரநாளில், காலையிலோ மாலையிலோ போய், கடைசி வரிசையில் பத்து நிமிஷம் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். பிறகு எழுந்து பீடத்தின் மேல் உள்ள விதானத்தைப் பாருங்கள். இரண்டு அரைவட்டக் குடைவுகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டு, மூலைக்கு மூலை மடிப்பு விழுந்திருக்கும். பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்ததுபோல் ஒரே குடைவாக இருந்தால் பாரம் முழுச் சுவரின் மேலும் இறங்கும். இப்படி இரண்டாக வெட்டினால் பாரம் மடிப்பு வழியாக நான்கு மூலைக்கு ஓடிவிடும். நடுவில் சுவரைத் திறந்து ஜன்னல் வைக்கலாம். ஆனால் மூலைகள் வெளியே தள்ளப்படும். அதனால்தான் அங்கே சுவர் அப்படிக் கனக்கிறது. நீல விதானத்தில் ஓவியங்களும் பொன் வேலையும். பளபளப்பு அதிகமாகத் தெரிந்தால் புதுப்பிக்கும்போது தீட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். மடிப்புகளின் வளைவு மட்டும் பொய் சொல்லாது.

இப்படிப்பட்ட குடைவுகளில் விரிசல் எங்கே வருகிறது என்பதைக் கவனிப்பது பழக வேண்டிய ஒரு கண். உச்சியில் நெடுக ஓடும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் பழசு. சுவர்கள் கொஞ்சம் விலகி உட்கார்ந்ததன் அடையாளம். அதில் சாந்து நிரப்பி, குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டையை ஒட்டிவைத்துப் பார்க்கலாம்; ஒரு வருஷம் கண்ணாடி உடையாவிட்டால் கவலையில்லை. மடிப்பின் மேலேயே விரிசல் வந்தால் விஷயம் வேறு. மேலே தண்ணீர் தேங்குகிறதா, நீர்த்தாரையில் குப்பை அடைத்திருக்கிறதா, ஒழுகுதே என்று கூரைமேல் மறுபடி மறுபடி தளம் போட்டுப் பாரம் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டிவிடுவது மட்டும் போதாது. அடுத்த மழைக்குத் தடித்து வரும். வேரோடு எடுத்து அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும்.

தரையிலும் சுவரிலும் உள்ள கல்லறைக் கற்களை விட்டுவிட வேண்டாம். போர்த்துகீசியப் பெயர்கள், குடும்பச் சின்னங்கள். எழுத்து தேய்ந்த கல்லைப் படிக்க ஒரு வழி: டார்ச்சை நேரே பிடிக்காமல் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சாக்பீஸ் தடவுவதும் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. லஸ்ஸுக்குப் பத்துக்கு ஒன்பது. ஒன்றைக் குறைத்தது கல்வெட்டு ஆண்டுக்காக அல்ல. சுற்றிலும் நெருக்கும் போக்குவரத்து இரைச்சலுக்காக.

லஸ்ஸிலிருந்து கச்சேரி சாலை வழியாக நடந்தாலே சாந்தோம். மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோமையாரின் கல்லறையைப் பற்றி எழுதிவைத்த இடம். போர்த்துகீசியர் 1523ல் கட்டத் தொடங்கியது. ஆனால் இன்று நிற்கிற வெள்ளைக் கோயிலில் அந்தக் காலத்துச் சுவரைத் தேடினால் கிடைக்காது. பழையதை முற்றிலும் இடித்துவிட்டு 1893ல் தொடங்கி 1896ல் அர்ச்சித்தார்கள். 'ஆங்கிலேயர் கட்டியது' என்று சொல்வார்கள். பாதிதான் சரி. வரைந்த பொறியாளர் காப்டன் பவர் ஆங்கிலேயர். கட்டவைத்த ஆயர் ஹென்றிக் ஜோஸே ரீட் டா சில்வா போர்த்துகீசியர். நாடு ஆங்கிலேயர் கையில் இருந்தும் சாந்தோம் மறைமாவட்டத்தின் மேல் போர்த்துகலுக்குத் திருச்சபை உரிமை இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது என்பதை மறந்துவிடுவதால் வரும் பிழை இது. சென்னை மயிலை உயர்மறைமாவட்டமாக ஒன்று சேர்ந்தது 1952ல்.

இரண்டு கோபுரங்கள். உயரமானது மணிகளுக்கு. நடுவில் நிற்கும் சின்னக் கோபுரம் கல்லறை இருக்கும் இடத்தின் அடையாளம்; புதுக் கோயிலைக் கட்டும்போது கல்லறை நடுவில் வரும்படி திட்டமிட்டார்கள். கட்டடக்காரருக்கு இது பெரிய சவால்: நகர்த்த முடியாத ஒரு புள்ளியைச் சுற்றி மற்ற எல்லாவற்றையும் அளக்க வேண்டும். இப்போது கல்லறைக்கு வெளியிலிருந்தே தனி வழி. அருகே சிறிய அருங்காட்சியகம். தோமையாரின் எலும்புகளில் பெரும்பகுதி இன்றைய துருக்கியிலுள்ள எதெஸ்ஸாவுக்குப் போய், பிறகு 1258ல் இத்தாலியின் ஓர்டோனாவுக்குப் போய்ச் சேர்ந்ததாக மரபு. கீழே இறங்குகிறவர்கள் அதற்கேற்ப எதிர்பார்க்கவும்.

உள்ளே அண்ணாந்து பார்த்தால் தேக்கு விதானம்; வேலைப்பாட்டில் இந்த நான்கில் இதற்கு இணை இல்லை. பீடத்துக்குப் பின்னால் தோமையார் ஆண்டவரின் காயத்தைத் தொடும் வண்ணக் கண்ணாடி. மியூனிக்கின் மேயர் பட்டறையில் செய்தது. கோத்திக் என்பது குளிர் நாட்டில், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் உள்ளே அழைக்கக் கண்டுபிடித்த பாணி. மெல்லிய தூண், கூர் வளைவு, உயரமான ஜன்னல். வங்கக் கடலோரத்தில் அந்த ஜன்னல் வெளிச்சத்தோடு அனலையும் உப்புக் காற்றையும் அழைக்கிறது. காரீயப் பட்டையில் கோத்த கண்ணாடிக்கு இரண்டுமே எதிரி: காரீயம் வெயிலில் நீண்டு சுருங்கிச் சோர்ந்து போகும், தாங்குகிற இரும்புக் கம்பி துருப்பிடித்து வீங்கி ஓரத்துக் கண்ணாடியை நெரிக்கும். எங்கே வண்ணக் கண்ணாடி பார்த்தாலும் படத்தின் நடுவைப் பார்த்த பிறகு ஓரத்தைப் பாருங்கள்; விரிசல் தொடங்குவது அங்கேதான். இந்தக் கோயிலுக்குப் பத்துக்கு ஏழு: இடத்தின் வயதுக்கும் தேக்குக்கும் சேர்த்து. பழங்காலம் தேடி வந்தவர் ஏமாறுவார். நூற்றிமுப்பது வருஷத்துக் கச்சிதத்தை ரசிக்கத் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

நேரம் இருந்தால் அருகிலேயே லாசர் கோயில். இப்போதுள்ள கட்டடம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1927ல் அதைத் திரும்பக் கட்டத் தோண்டியபோது மத்ரா என்கிற குடும்பப் பெயர் பொறித்த, 1637ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறைக் கல் ஒன்று கிடைத்தது. மதராஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்ற தீராத வழக்கில் அதையும் ஒரு சாட்சியாக அழைப்பார்கள்.

நான்கையும் ஒரே நாளில் முடிக்கலாம்: விடியலில் மலை, ஒன்பதுக்குச் சின்னமலை, மாலை நாலு மணிக்கு லஸ், வெளிச்சம் போவதற்குள் சாந்தோம். நடுப்பகலை வீணாக்குவது போலத் தோன்றும். ஆனால் உச்சி வேளையில் கதவு சாத்தியிருக்கக்கூடும், சுவரிலும் நிழல் இருக்காது. ஞாயிறு காலை வேண்டவே வேண்டாம். பூசைக்கு வந்தவர்கள் நடுவே விதானத்தை அண்ணாந்து பார்ப்பது யாருக்கும் நல்லதில்லை. டிசம்பர் 18 மலைத் திருநாள், ஜூலை 3 தோமையார் திருநாள். கூட்டம் பார்க்க அந்த நாட்கள், கட்டடம் பார்க்க வேறு நாட்கள். செருப்பை வெளியே விடுவது வழக்கம். படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளவும். கல்லறை அறையிலும் திருப்பலி நடக்கும்போதும் கேட்கவே வேண்டாம், எடுக்காமல் விடுவதே மரியாதை. கொண்டுபோக வேண்டியது தண்ணீரும் ஒரு சின்ன டார்ச்சும். கோயிலைக் கவனித்துக்கொள்கிறவரிடம் பேச்சுக் கொடுத்தால், 'எப்போ கட்டினது?' என்று கேட்காதீர்கள். பலகையில் உள்ளதையே ஒப்பிப்பார். 'கடைசியா எப்போ பூசினாங்க, எதுல பூசினாங்க?' என்று கேளுங்கள். அரைமணி நேரம் ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள்.